கதவையே காட்டினா அது படமா?

நீங்களும் படத்துக்கு நடுவுல எழுந்து வந்துட்டீங்களா? உக்காருங்க, பெஞ்சு பெருசுதான். ஓ, போன் பேச வந்தீங்களா. நான் அப்படி இல்லீங்க. முடியல, வந்துட்டேன்.

எனக்கெல்லாம் ராஜா படம்தான் சரி. போன மாசம் ஒண்ணு பாத்தேன், நடுக்கடல்ல சண்டை. பாய்மரம் பத்தி எரியுது, அந்தத் தளபதி ஒத்தக் கயித்தப் பிடிச்சு இந்தக் கப்பல்லேர்ந்து அந்தக் கப்பலுக்குத் தாவுறான், தலைமுடி கலையல! நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. கயித்த நம்பித் தொங்குறது எப்படின்னு எனக்குத் தெரியாதா? பொய்னு தெரிஞ்சேதான் கை தட்டினேன். ஏன்னா அதுல குழப்பம் இல்ல பாருங்க. யார் கெட்டவன்னு அவன் வந்து நிக்கும்போதே தெரிஞ்சிடும். மீசை சொல்லும், சிரிப்பு சொல்லும். அவன் செத்தான்னா நாம நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்.

உள்ள ஓடுற இந்தப் படத்துல யாருங்க கெட்டவன்?

அப்பாவா. ம், எல்லாரும் அதத்தான் சொல்வாங்க. ஆனா அம்மா இல்லாத வீட்டுல அந்த ஆளுதானே பொண்ணுக்குத் தலை பின்னி விடுறாரு? அதையும்தான் காட்டுறாங்க. அப்புறம் அதே ஆளு பையன வெளிய தள்ளித் தாழ்ப்பாளப் போடுறாரு. முதலாளி கால்ல விழாத குறையா வாங்கிக் குடுத்த வேலைங்க அது. நாலே மாசத்துல விட்டுட்டு வந்து நிக்கிறான். கோவம் வராதா?

சரி, கோவம் வேற, கதவச் சாத்துறது வேறங்கிறீங்க. இருக்கலாம்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. பையன் போனதுக்கப்புறமும் அந்தக் கதவையே காட்டிக்கிட்டு இருக்காங்களே, அது படமா? ராஜா படத்துல கதவுன்னா யானை வந்து முட்டும், ரெண்டு நிமிஷத்துல தூள். இங்க ஒரு தாழ்ப்பாள். அதுமேல அந்தச் சின்னப் பொண்ணோட கை. தொறக்கவும் பயம், எடுக்கவும் மனசில்ல. பின்னால நாற்காலியில அப்பா, கல்லு மாதிரி. எல்லாம் ஒரே இருட்டு. எதுக்குங்க இருட்டு? அப்போ மத்தியானம் மூணு மணி, சுள்ளுன்னு வெயில், கதவுக்கடியில அவன் கால் நிழல் நல்லா தெரிஞ்சுது...

இல்ல இல்ல, படத்துல வரல. படத்துல இருட்டுதான்.

என்னை யாரும் கூப்பிடலீங்க. ஒரு ஆபீஸ்ல லிஃப்ட் பாக்கப் போனேன், கீழ் மாடியில இந்தப் படத்து போஸ்டர் ஒட்டியிருந்துச்சு. இயக்கம்னு போட்டு என் பொண்ணு பேரு. ரெண்டு தடவ படிச்சேன். டிக்கெட் எடுத்துக் கடைசி வரிசையில உக்காந்தேன். அவ முன்னாடி இருக்கா, திரும்பிப் பாக்கல. பாத்திருந்தாலும் இருட்டுல தெரிஞ்சிருக்காது.

ஆமாங்க. அந்த நாற்காலி ஆளு நான்தான். நீங்க எதுக்கு எழுந்திருக்கிறீங்க, உக்காருங்க. நீங்க கெட்டவன்னு சொன்னதுல எனக்கு வருத்தமில்ல.

பையனா? அதுக்கப்புறம் வீட்டுக்கு வரல. பதினாலு வருஷம் ஆச்சு. தங்கச்சிகிட்ட மட்டும் பேசுவான்னு நெனைக்கிறேன். நான் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல. படிப்பு முடிஞ்சதும் அவளும் தனியாப் போயிட்டா.

கேக்குதா? கை தட்டுறாங்க. முடிஞ்சிடுச்சு போல. இனி அவள மேடையில நிக்க வச்சுக் கேப்பாங்க, இது நிஜமா நடந்த கதையான்னு.

உள்ள போகச் சொல்றீங்க. போய் என்ன சொல்லட்டும்? எனக்கு இந்த மாதிரிப் படம் பிடிக்காதுன்னா? இல்ல, நல்லா எடுத்திருக்கா. அந்த நாற்காலி, அந்தக் கை, எல்லாம் அப்படியேதான். அந்த இருட்ட விட்டா ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. படத்துல பையன் மூணு தடவ தட்டிப் பாத்துட்டுப் போயிடுறான்ல?

மூணு இல்லீங்க. வெயில் இறங்குற வரைக்கும் தட்டினான், அப்பா அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே. அவ அங்கயேதான் நின்னா, மறந்திருக்க மாட்டா. எனக்காகக் கொறச்சிருக்கா.