சுண்டுவிரலுக்கு வேலையில்லை

சாரல் காலத்தில் பியானோவை வாசிக்காமல் போட்டால் ஈரம் ஏறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான், ரூபிபாய் என் வீட்டில் வந்து பழகட்டுமா என்று நீங்கள் கேட்டபோது நான் மறுக்கவில்லை, போதகர் அவர்களே. இப்போது அவள் கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள். நான் நடந்துகொண்டே பேசுகிறேன். என் மனைவி நேசபாய் போனபிறகு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

பியானோ சபையுடையது. சீமைக்குத் திரும்பிய மிஷன் அம்மையார் அதை என் மனைவியின் பொறுப்பில் விட்டுப்போனார். கூடவே, லண்டனில் அச்சான ஒரு பழைய இசைப் புத்தகம். போன நூற்றாண்டு ஐரோப்பியரின் உருக்கமான உருப்படிகள். சுரங்களின் தலைமேல் எந்த விரலால் அழுத்துவது என்று சிறு குறிகள் இருக்கும். அச்சிட்டவை கொஞ்சம், அம்மையார் பென்சிலால் எழுதியவை கொஞ்சம். மீதியெல்லாம் நேசபாய் எழுதியது. கல்யாணமான இரண்டாம் வருஷம் டைபாய்டில் போய்விட்டாள். அவள் கையெழுத்து என்று என்னிடம் வேறொன்றும் இல்லை.

ரூபி திருவனந்தபுரத்தில் பரீட்சை தேறினால் பெண்கள் பள்ளியில் சங்கீத ஆசிரியை வேலை. பியானோவும் புத்தகமும் அவளோடு பள்ளிக்குப் போகும். கமிட்டி எடுத்த தீர்மானம். நானும் சம்மதித்தேன். தகப்பன் இல்லாத வீடு அது. அவள் தாய் தாயம்மாள் ரேந்தை லேஸ் பின்னி விற்றுத்தான் அவளைப் படிக்க வைத்தாள். இங்கே வரும்போதும் துணைக்கு வந்து வாசலோரம் பின்னிக்கொண்டிருப்பாள்.

ரூபி படித்தது புது முறைப் புத்தகத்தில். அதில் பெருவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. நேசபாயின் தாளில் ஐந்து என்ற எண்ணே கிடையாது. நாலு வரைக்கும்தான். இடையிடையே கூட்டல் குறி.

"அண்ணா, சுண்டுவிரலுக்கு அக்கா லீவு குடுத்திட்டாவளா?" என்று சிரித்தாள்.

தாயம்மாள் தலை நிமிராமல், "ஏட்டி, நாலு விரலு போதும்னா கர்த்தர் அஞ்சு எதுக்குத் தந்தாரு?" என்றாள்.

"அதுதான் அவள் வாசிப்பின் ரகசியம்" என்றேன்.

"இந்தக் கூட்டலு?" என்றாள் ரூபி.

"அங்கே எந்த விரலும் வைக்கலாம்."

அவள் அழிரப்பரை எடுத்தாள். "எனக்க கை சின்னது அண்ணா. பழைய நம்பரை அழிச்சிட்டு எனக்குத் தோதா எழுதட்டா?"

வேண்டாம் என்றேன். சீமைப் பரீட்சகர் இந்த விரல் வைப்பைத்தான் எதிர்பார்ப்பார், நேசபாய் தேறியதும் இதில்தான் என்றேன். தேறியது உண்மை. ரூபிக்கு அவள்மீது பக்தி உண்டு. அழிரப்பரை வைத்துவிட்டாள்.

சுண்டுவிரல் எட்டவேண்டிய இடத்துக்கெல்லாம் மோதிரவிரலை இழுத்தாள். அவள் வாசிக்கும்போது நான் கிணற்றடிக்கும் கூடத்துக்குமாக நடப்பேன். சுரங்கள் இடறி விழும். நேசபாயின் நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றாது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"பிள்ளைக்குக் கை வீங்கிக் கெடக்கே, தம்பி" என்றாள் தாயம்மாள்.

எல்லாருக்கும் வீங்கும் என்றேன். நேசபாய்க்கு ஒருநாளும் வீங்கியதில்லை.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் என் மைத்துனன் சுயம்புலிங்கம் வேலை பார்க்கிறான். அவனிடம் ஒரு ரப்பர் வார் வாங்கிவந்தேன். மோதிரவிரலில் மாட்டிப் பின்னால் மணிக்கட்டோடு இழுத்துக் கட்டி, விரலிடுக்கில் மரத்துண்டு செருகினால் கை விரியும். அந்தக் காலத்து ஐரோப்பியர் சிலர் இப்படிச் செய்ததாகக் கல்லூரியில் படிக்கும்போது வாசித்திருக்கிறேன். அவர்கள் கை என்ன ஆயிற்று என்பதையும் வாசித்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. என் கையில் கட்டிக் காட்டினேன். அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி முழுவதும் கட்டிக்கொண்டே படுத்தாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் மோதிரவிரல் மடங்கியது. பிறகு நிமிரவில்லை. தசைநார் அறுந்துவிட்டது, இனி ஒட்டாது என்று டாக்டர் சொன்னார்.

கட்டுப்போட்ட கையோடு புத்தகத்தைத் திருப்பித் தர வந்தாள். "அக்காக்க பேரைக் கெடுத்திட்டேன் அண்ணா" என்றாள். பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

கல்யாணமான புதிதில் நேசபாய் என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பழைய லண்டன் முறையில் பெருவிரலுக்குக் கூட்டல் குறி. அடுத்த விரல்தான் ஒன்று. சுண்டுவிரல் நாலு. நான் மறப்பேனா? ரூபி கேட்டபோது என் பெருவிரலில் நேசபாய் தொட்ட சூடு இருந்தது. தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன்.

ஆனால் ஒன்று, போதகர் அவர்களே. புத்தகத்தில் ஒரு எண்கூட அழியவில்லை. ரூபியின் கையை நான் ஒருதரம்கூடத் தொட்டதில்லை. பள்ளிக்கு வேறொரு பெண்ணைப் பார்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவளும் இங்கேயே வந்து பழகட்டும். சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன்.