ஜாம் போத்தலில் வந்த அட்டைகள்

லிந்துலையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் ஜாம் போத்தலோடு இருந்த இளையவர் சொன்னார்:

"கூட்டத்துக்கு அட்டையையும் கூட்டிட்டுப் போனேங்க்கா."

"ரத்தம் குடிக்கிற அட்டையவா? என்னாத்துக்கு புள்ள?"

"தேயிலத் தோட்டத்துக்கு ஒதவுற மாதிரி புதுசா தொழில் செய்றவங்க கூட்டம். செஞ்சத அங்க காட்டணும். அட்டை கடிக்காம இருக்க நான் தைச்ச சொக்ஸ போட்டுக்கிட்டு கால்ல அட்டைய விட்டேன்."

"கடிச்சிருச்சா?"

"இல்லக்கா, துணியத் தாண்ட முடியல. எல்லாரும் கை தட்டுனாங்க. ஒருத்தரும் வாங்கல."

"கொழுந்து பறிக்கிறவங்க யாராச்சும் வந்தாங்களா?"

"வரல."

பிறகு இளையவர் அட்டைகள் இருந்த போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயோ, மூடி கழண்டிருக்கே!"

பஸ்ஸில் எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டோம். அவர் மட்டும் சொக்ஸ் காலோடு குனிந்து தேடினார்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "தங்கச்சி, ஒரு சோடி எவ்வளவு?"