பன்னெண்டு மணிக்குத்தான் கரண்டு

ஃபேனைப் பாக்காதீக சார், சுத்தாது. பன்னெண்டு மணிக்குத்தான் கரண்டு வரும். இந்தாங்க, இந்த அட்டையை வச்சு விசிறிக்கங்க.

ஆமா, பத்து நாளா இப்படித்தான். காலையில எட்டுக்கு டாண்ணு போகும், பன்னெண்டுக்கு டாண்ணு வந்துரும். நம்ம ஊர்ல கரண்டு இம்புட்டு ஒழுங்கா என்னைக்குப் போயி வந்திருக்கு? அதை விசாரிக்கவா ராமநாதபுரத்துலருந்து வந்தீக?

எந்த ஆபீஸுன்னு சொன்னீக? ஓ, புதுசு. முன்னெல்லாம் ஒரே வாரியம். திட்டுறதுக்கும் ஒரே ஆளு. இப்பத்தான் பிரிச்சிட்டாகளே. கரண்டை உண்டாக்க ஒண்ணு, கொண்டார ஒண்ணு, வீட்டுக்கு விட ஒண்ணு, வெயில் கரண்டுக்குத் தனியா ஒண்ணு. நல்லதுன்னுதான் சொல்றாக, எனக்கென்ன தெரியும்.

என் மிளகாக் கொல்லையில ஒரு கம்பம் சாஞ்சு நிக்கிது. சோலார் தகடு ஏத்தி வந்த லாரி இடிச்சது. கம்பி தலை உசரத்துக்குத் தொங்குது. மனு குடுத்தேன். வீட்டுக்கு விடுற ஆபீஸுல, இடிச்சது வெயில்காரவுக லாரி, அங்கன போங்கன்னாக. அங்கன போனா, லாரி எங்களுது, கம்பம் எங்களுது இல்லைன்னாக. இன்னொரு ஆபீஸுல உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாக. டெல்லியில கொள்கையே மாறப்போகுதாம், அதுக்கப்புறம் கம்பம் யாருதுன்னு சொல்லுவாகளாம். மரியாதையானவுக.

மிளகா அதுவரைக்கும் பொறுக்குமா? பழுத்தா எடுத்தாகணும். போன மாசம் முருகம்மா குனிஞ்சு எடுத்தவ, கூடையோட நிமிந்தா. என் வீட்டுக்காரி சார். கரண்டை நிறுத்த ஆளு வர ஒண்ணரை மணி நேரமாச்சு. எந்த ஆபீஸு ஆளு போறதுன்னு அவுகளுக்குள்ள பேசி முடிக்கணும்ல. அதுவரைக்கும் தொட முடியாம, அவளைப் பாத்துக்கிட்டே நின்னேன்.

தண்ணி குடிங்க. வெயிலு ஏறிருச்சு.

இப்ப அங்கன பதினோரு பொம்பளைக மிளகா எடுக்குறாக. வேணாம்னா, இந்த மாசியில கூலிக்கு வேற எங்கன போவாக?

கரண்டை யாரு நிறுத்துறதுன்னுதானே கேட்டீக? டிரான்ஸ்பார்மர்ல கழட்டுன ஃபியூஸ் கட்டை மூணும் இந்தா, இந்தத் துண்டுல முடிஞ்சு வச்சிருக்கேன். பொம்பளைக கரையேறட்டும், நானே போயி மாட்டிவிட்டு வாரேன். நாளைக்கு எட்டு மணிக்கு மறுபடி கழட்டுவேன்.

எந்த ஆபீஸுன்னு எழுதணுமா? ராக்கப்பன்னு போட்டுக்கங்க.