அண்ணாவியார் இராயப்பு ஞாபகார்த்த மண்டபம்

எங்கள் ஆலோசனைச் சபையைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், கூட்டத்தில் தருகிற தேத்தண்ணியைக் குறை சொல்ல முடியாது. இஞ்சி தட்டிப் போட்டு, அளவான சீனியோடு, சூடு ஆறாமல் வரும். அதைக் குடித்துவிட்டு ஏழு பேரும் கதிரைகளில் சாய்ந்து, கலையை எப்படி வளர்க்கலாம் என்று யோசிப்போம். ஆறு பேர் என்று சொல்வதுதான் சரி. எனக்குச் சாய்ந்திருக்க வராது. எழும்பி யன்னலடிக்குப் போய் இறங்குதுறையை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இருப்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழும்புவேன். "உங்கட காலுக்கை எறும்பே ஓடுது?" என்று என் மனைவி கேட்பாள். இப்போதும் பாருங்கள், நீங்கள் தந்த இந்தக் கதிரையில் என்னால் ஒழுங்காக இருக்க முடியவில்லை. அதைப் பயம் என்று எழுதிவிடாதீர்கள். சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான்.

தீவகக் கலை ஆலோசனைச் சபை என்பது பெயர். பெயருக்கு ஒரு குறைச்சலும் இல்லை. தீவுகளில் இருக்கிற அரங்குகளுக்கும் மண்டபங்களுக்கும் கூத்துக் கொட்டகைகளுக்கும் என்ன தேவை என்று பார்த்து மேலிடத்துக்குச் சொல்வதும், மேலிடம் தருவதைப் பகிர்வதும் எங்கள் வேலை. நான் அதன் செயலாளர். வருகிற காசு ஒரு கட்டடத்துக்கே காணாது. ஆனால் ஒரு ஊருக்கு முழுதாகக் கொடுத்தால் மற்ற ஊர்களின் முகத்தில் விழிக்க முடியாது. ஆகவே புங்குடுதீவில் ஒரு மன்றத்துக்கு மேடைத்திரை, நெடுந்தீவுக்கு ஒலிபெருக்கி, இன்னொரு ஊருக்கு பிளாஸ்ரிக் கதிரை என்று கிள்ளிக் கிள்ளிக் கொடுப்போம். திரை இருக்கிற ஊரில் மேடை இருக்காது. மேடை இருக்கிற ஊரில் கூரை இருக்காது. இதற்குச் சமமான பகிர்வு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

எங்கள் ஊரில் மேடையும் கூரையும் இருந்தன. ஊர்காவற்றுறையிலிருந்து பஸ்ஸில் வந்தால் தேவாலயத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்ற ஓட்டு மண்டபம் அது. கடலுக்குப் போகிறவர்கள் சேர்ந்து அந்தக் காலத்தில் கட்டியது. உப்புக்காற்றும் கறையானும் பங்குபோட்டுத் தின்றதில், மேடைக்கு மேலே குறுக்காகப் போய்க் கூரையைத் தாங்குகிற தீராந்தி மரம் நடுவில் தொய்ந்துவிட்டது. தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு பனங்குற்றியை மேடையில் நிறுத்தித் தீராந்திக்கு முண்டு கொடுக்கச் சொன்னார்.

"காசு வருமட்டும் உது நிக்கட்டும். ஆரும் தொடக்கூடாது" என்றார்.

காசு வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டேன். எப்படியும் நான் எழும்பித்தானே நிற்பேன். தலைவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்.

"மனுவேல், உம்மட ஊர் எண்டு பாக்க ஏலாது. நீர் செயலாளர்."

அது நியாயம். நான் அவரோடு கோபிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது. மாரியில் ஓட்டுக்குள்ளால் ஒழுகும். சோளகக் காற்று எழும்பினால் கூரை முனகும். மழைக் கறுப்பைக் கண்டாலே சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விடுவேன். அங்கே நின்று நான் எதையும் செய்ய முடியாது. இருந்தாலும் போவேன். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்போமே, அந்த மாதிரி. அந்த மண்டபத்தில் எனக்கு அவ்வளவு உயிர்.

இனிச் சொல்வதைக் கவனமாக எழுதுங்கள். நான் அவசரப்பட்டவன் அல்ல, யோசித்தவன்.

எங்கள் தீவுகளில் நல்ல கட்டடம் எதையாவது பாருங்கள். வாசிகசாலை, பஸ் தரிப்பிடம், பள்ளிக்கூடத்து மேல்மாடி, எதுவாக இருந்தாலும் வாசலில் ஒரு கல் இருக்கும். கல்லில் ஒருவருடைய பெயர் இருக்கும். பெயருக்குக் கீழே ஞாபகார்த்தமாக என்று இருக்கும். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற பிள்ளைகளிடமும் சகோதரங்களிடமும் இங்கே உயிரோடிருப்பவர்கள் ஒரு மண்டபம் கேட்டால், பார்ப்போம் என்பார்கள். அதே ஆட்கள் ஒரு சாவீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, கேட்காமலே கட்டிக் கொடுப்பார்கள். இதில் நான் யாரையும் பழிக்கவில்லை. அருகில் இருந்து பார்க்க முடியாமல் போனவர்களின் மனம் அப்படித்தான் வேலை செய்யும். சபையில் இவ்வளவு காலம் இருந்து நான் கண்ட உண்மை இது ஒன்றுதான். கலைக்கு நிதி ஒதுக்குவது நாங்கள் அல்ல, சாவு.

இராயப்பு அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கூத்துக்கு அவர்தான் அண்ணாவியார். பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, ஆட்டம் பழக்குவது, மேடையில் பின்னுக்கு நின்று தாளத்தோடு கூத்தை நடத்துவது எல்லாம் அவர். கலியாணம் முடிக்கவில்லை. தகப்பன் கடலில் செத்துப்போனபின், தானே கடலுக்குப் போய் நான்கு சகோதரங்களை வளர்த்து, ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டவர். அவர்கள் அண்ணனில் உயிரையே வைத்திருந்தார்கள். கடைசித் தங்கச்சி றஞ்சனி ரொறன்ரோவிலிருந்து ஒருநாள் விடாமல் கதைப்பாள்.

அவரிடம் நான் நேராகவே கேட்டேன். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் மண்டபம் எழும்பும். றஞ்சனியிட்டைக் கேளுங்கோவன்."

"கேட்டால் அனுப்புவினம், தம்பி. அதுக்காண்டித்தான் நான் கேக்கிறேல்லை."

"ஊருக்குத்தானே அண்ணை."

"அதுகள் குளிருக்கை ரெண்டு வேலை செய்யுதுகள். எனக்கு மேல ஓடு இருந்தாலும் ஒண்டு, வானம் இருந்தாலும் ஒண்டு. நான் மரத்துக்குக் கீழ நிண்டும் கூத்துப் போடுவன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வானம் இருந்தாலும் ஒன்றாம். நான் அலைந்த அலைச்சல் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் அன்றைக்குக் கேட்டிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பார். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் பக்கத்திலும் பிழை இருக்கிறது.

தேவாலயப் பெருநாளுக்கு ஒரு ராசா கூத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். மேடையேற்றுவதற்கு முதல் வெள்ளுடுப்பு என்று ஒன்று இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உடுப்பு, முடி ஒன்றும் இல்லாமல், எல்லாரும் வெள்ளை வேட்டியோடு முழுக்கூத்தையும் ஊருக்கு முன்னால் ஆடிக் காட்டுவது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பின்னேரம் வைப்பதாக இருந்தது. பழகுகிறவர்களுக்கு மேடை நடுவில் நின்ற பனங்குற்றி பெரிய கரைச்சல். ராசாவாக வந்தவர் இரண்டு முறை தோளை இடித்துக்கொண்டார்.

"தம்பி மனுவேல், உந்தக் குற்றியை வெள்ளுடுப்புக்கு மட்டும் எடுக்க ஏலாதோ? அந்த உத்தியோகத்தரை ஒருக்காக் கேட்டுப் பாருமன்" என்று எல்லாருக்கும் முன்னால் இராயப்பு அண்ணை கேட்டார்.

நான் கேட்டேன். மாட்டவே மாட்டேன் என்றார் உத்தியோகத்தர். குற்றியை எடுத்தால் தீராந்தி சும்மா நின்றாலும் நிற்கும், மேடையில் நாலு பேர் மிதித்தால் அந்த அதிர்வில் வந்துவிடும் என்று விளக்கமாகவே சொன்னார். நான் திரும்பி வந்து இராயப்பு அண்ணையிடம், எடுக்கலாமாம் என்று சொன்னேன். அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் சந்தோசப்பட்டு என் தோளில் தட்டினார்.

ஞாயிறு காலை ஊர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நான் தனியாகப் போனேன். இரும்பு அலவாங்கால் குற்றியின் அடியில் நெம்பினேன். இலகுவாக வந்தது. தீராந்தி ஒருதரம் முறுகி, பிறகு சத்தம் இல்லாமல் நின்றது. குற்றியை உருட்டிக்கொண்டு போய் வெளிச்சுவரோடு போட்டேன். பின்னேரம் வரைக்கும் நேரம் இருந்தது. திருப்பி வைக்கவும் முடியும். நான் மண்டப வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். என்னைக் கண்ட ஒருவர், என்ன அண்ணை, கூத்து உங்களுக்கோ என்று பகிடி விட்டார்.

அண்ணாவியார் மேடையில் நிற்கிற இடம் மாறாது. ஆட்டக்காரர் முன்னுக்கு வருவார்கள், போவார்கள். அவர் பின்னுக்கு, நடுவில், கூத்துத் தொடங்கி மங்களம் பாடும்வரை ஒரே இடத்தில் நிற்பார். தீராந்தி தொய்ந்த இடமும் அதுதான். மற்றவர்களுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று நான் எவ்வளவு யோசித்தேன் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. பிற்பாட்டுக்காரர் ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவருக்குப் பதிலாகத் தேவாலயத்தில் பாடுகிற ஜசிந்தாவை இராயப்பு அண்ணை மேடைக்குக் கூப்பிட்டார். குரலில் என்ன ஆம்பிளை பொம்பிளை என்று சொல்லித் தன் பக்கத்தில் நிறுத்தினார். நான் சோடாப் பெட்டியோடு வாசலில் நின்றேன். அவளைக் கூப்பிட்டிருக்கலாம். வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது? அவளை மட்டும் இறக்கினால் பிறகு ஆட்கள் யோசிப்பார்கள். அவள் நன்றாகப் பாடினாள். ராசா வரவு தொடங்கியது. ராசாவும் மந்திரிமாரும் சேர்ந்து மிதித்தார்கள்.

தீராந்தி விழுந்த சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னது. ஓடுகள்தான் பெரிய சத்தம் போட்டன. தூசி அடங்க நேரம் எடுத்தது. நானும் ஓடிப்போய் ஓடு அள்ளினேன், என் கையிலும் வெட்டு விழுந்தது, தழும்பைப் பாருங்கள். இராயப்பு அண்ணை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். ஜசிந்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போனது. அதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. அவளுடைய ஆட்கள் எல்லாரும் இங்கேதான். வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. அவள் சாக வேண்டிய தேவையே இருக்கவில்லை.

குற்றியை எடுத்தது யார் என்று விசாரித்தார்கள். இராயப்பு அண்ணை எடுக்கச் சொல்லிக் கேட்டதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். கிழவர் சொல்வழி கேளாமல் தானே எடுத்திருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டியது. உத்தியோகத்தர், தான் வேண்டாம் என்று செயலாளரிடம் சொன்னதாகச் சொன்னார். நான், அதை அப்படியே அண்ணையிடம் சொன்னேன் என்றேன். ஜசிந்தாவின் புருசன் டெனிஸ்ரன் செத்தவீட்டில் இராயப்பு அண்ணையின் பெட்டிக்குக் கிட்ட வரவில்லை. பிறகு என்னிடம் வந்தான்.

"அண்ணை, அந்தாள் தன்ர பிடிவாதத்தாலை என்ர மனுசியையும் சாக்காட்டிப் போட்டுதே. நாலு வயசுப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?"

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

றஞ்சனியும் மற்றவர்களும் வந்தார்கள். அழுது முடித்து, ஊரைப் பார்த்து, தாங்களாகவே கேட்டார்கள், அண்ணையின் பெயரில் என்ன செய்யலாம் என்று. நான் இடிந்த சுவரைக் காட்டினேன். அவ்வளவுதான். ஒரு வருசத்துக்குள் மண்டபம் எழும்பியது. கொங்கிறீட் கூரை, வெளிச்சம், உடுப்பு மாற்றுகிற அறை, சரிவாக இருக்கைகள். தீவுகளில் அப்படி ஒன்று இல்லை. சபை எத்தனையோ காலம் ஆலோசித்து முடியாததை நான் ஒரு காலையில் செய்தேன்.

அங்கே இன்னும் கூத்து ஏறவில்லை என்பது உண்மை. பழக்குவதற்கு ஆள் இல்லை. இப்போதைக்குக் கலியாணங்களும் சாறி மலிவு விற்பனையும் நடக்கின்றன. கட்டடம் இருந்தால் கலைஞர் பிறகு வருவார்கள். ஆலோசனைச் சபைகளின் அடிப்படையே அதுதான்.

திறப்பு விழாவில் டெனிஸ்ரன் பிள்ளையோடு பின்வரிசையில் நின்றான். கல்லில் ஜசிந்தாவின் பெயரும் வருமா என்று முன்பு கேட்டிருந்தான். கட்டித் தருபவர்களின் விருப்பம் என்று சொல்லியிருந்தேன். தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். றஞ்சனி குடும்பத்துக்கு நன்றி சொன்னார்கள். மேசன்மாருக்குச் சொன்னார்கள், சமைத்தவர்களுக்குச் சொன்னார்கள், பந்தல்காரனுக்கும் சொன்னார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். அன்றைக்கு ஒருதரமும் எழும்பவில்லை. கூப்பிட்டால் உடனே போக வேண்டும் என்று காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு இருந்தேன். மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இராயப்பு அண்ணையின் பேரில் பழி கிடக்கக் கூடாது. டெனிஸ்ரன் செத்த மனுசனைத் திட்டக் கூடாது. அதற்காகத்தான் நானாக நடந்து உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன், யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. குற்றியை எடுத்தது நான். தெரிந்துதான் எடுத்தேன். இரண்டு பேரையும் கொன்றது நான்.

எழுதி முடித்ததும் எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள், ஐயா. மண்டபத்தைக் கொண்டுவந்தது யார் என்று வருகிற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும்.