உழைப்புப் பாடம்

தேநீர் நன்றாக இருக்கிறது. வாசலில் நிற்கும் அந்தப் போலீஸ்காரர் போட்டதுதானே? உங்கள் முகத்தைப் பார்த்தால் இலை ஊறும்வரை காத்திருக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளியவன். எதிரில் யார் உட்கார்ந்தாலும் மனசுக்குள் மதிப்பெண் போட்டுவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

என் பெயர் ஹிக்மத். சங்தோரா ஊர்ப் பள்ளியில் உழைப்புப் பாடம் நடத்தினேன். ஆணி அடிப்பது, மரம் இழைப்பது, மண்வெட்டிக்குப் பிடி போடுவது. கணக்கு வாத்தியார் என்னை ஆசிரியராகவே மதித்ததில்லை. ஆனால் அவர் வீட்டுக் கதவு கழன்றால் என்னிடம்தான் ஆள் அனுப்புவார்.

அந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். எந்தப் பிரிவில் என்னைப் போடுவது என்று காலையிலிருந்து தேடுகிறீர்கள். ஒரு ஊற்றை மறைத்து வைத்தால் என்ன தண்டனை என்று அதில் எழுதியிருக்காது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிரிவு தானாக வந்து நிற்கும்.

எங்கள் ஊர் மலையின் மேல்விளிம்பில் இருக்கிறது. நாற்பது வீடுகள். ஆறு கீழே, வெகு கீழே. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் பெண்கள் பாடு. தோளில் ஒரு தடி, தடியின் இரண்டு முனையிலும் வாளி. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. துணி துவைக்கிற நாளென்றால் நாலு முறை. இறங்க இருபது நிமிஷம், ஏற ஒரு மணி நேரம்.

அதைக் கஷ்டம் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் அந்தப் பிள்ளைகளின் கெண்டைக்காலைப் பார்த்தவன். மாவட்டத்தில் வசந்தகாலத்து ஓட்டப்பந்தயம் நடக்கிறதே, அதில் பதினாறு வருஷம் எங்கள் பள்ளிதான் முதலிடம். கோப்பைகளை வைக்கிற அலமாரியை நானே செய்தேன், வாதுமை மரத்தில். மற்ற பள்ளிக்கூடங்களில் பயிற்சி கொடுக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். எங்களுக்குப் பாதைதான் பயிற்சியாளர்.

கீழ் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் வந்து பம்பு வைத்துக் கொடுத்தார்கள். ஒரே வருஷம். ஆண்கள் பகலெல்லாம் சீட்டாட்டம், பெண்கள் தொலைக்காட்சித் தொடர். பிள்ளைகள் பந்தயத்தில் கடைசி. அதற்கு முன்னாலும் அவர்கள் கடைசிதான் என்பது உண்மை. ஆனால் அப்போது ஒரு முயற்சி தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன நிலநடுக்கம் வந்தது. தேநீர்க் கிண்ணங்கள் கொஞ்சம் ஆடின, ஒரு கழுதை கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது, அவ்வளவுதான். நாலு நாள் கழித்து, என் தோட்டத்துக்கு மேலே இருக்கும் சரிவில் புல் அறுக்கப் போனேன். பாறை இடுக்கில் சத்தம் கேட்டது. என் கை பருமனுக்குத் தண்ணீர். பல் கூசுகிற குளிர்ச்சி. ஊருக்கு மேலே, பாருங்கள். பள்ளம் வெட்டிக் குழாய் போட்டால், ஒரு வாரக் கூட்டுவேலையில் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் தண்ணீர் விழும்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அரிவாளைப் போட்டுவிட்டு, ஊரைக் கூட்டிச் சொல்ல ஓடிவந்தேன். வரும் வழியில் பெண்கள் ஆற்றிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நெற்றியில் வியர்வை, வாயில் பாட்டு, முன்னால் போகிறவளைப் பின்னால் வருகிறவள் கேலி செய்கிறாள். என்னைப் பார்த்ததும் அவர்களில் ஒருத்தி, ரைஹோன், சொன்னாள்: "என்ன வாத்தியாரே, கையை வீசிக்கிட்டு வரீங்க? உழைப்புப் பாடம் எங்களுக்கு மட்டுந்தானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை ஒரு குழாய்க்காக விட்டுக்கொடுப்பதா என்று தோன்றியது. வீட்டுக்குப் போய் யோசித்தேன். மறுநாளும் யோசித்தேன். மூன்றாம் நாள் பள்ளிச் சாமான் அறையிலிருந்து இரண்டு மூட்டை சிமென்ட் எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

ஊற்றை முழுசாக அடைக்க முடியாது. அது வேறு எங்காவது வாய் திறக்கும். அதனால் கல்லும் சிமென்டும் வைத்து மூடி, தண்ணீரை மறுபக்கத்துச் சரளைச் சரிவுக்குள் திருப்பிவிட்டேன். ஒன்பது நாள் தனியாக உழைத்தேன். என் வயதுக்கு அது சாதாரண வேலை இல்லை. மேலே மண் போட்டு, முட்செடி நட்டேன். நானே மறுபடி போனபோது இடம் தெரியாமல் தடுமாறினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ரப்பர் குழாயை மட்டும் உள்ளே வைத்தேன். விரல் பருமன். என் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கும் பீப்பாய்வரை, மண்ணுக்கு அடியில். அதை வைத்து என்னைப் பேராசைக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். சோதனைக்காக வைத்தது. தண்ணீரின் குணத்தை யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆப்ரிகாட் மரங்கள் நன்றாக வந்தன. இரண்டாம் வருஷமே பஞ்சகெந்த் நகரத்திலிருந்து வியாபாரி லாரியோடு வந்து, ஊரில் எல்லாருக்கும் முன்னால் என் தோட்டத்துக் காயைத்தான் பிடித்தான். வீட்டுக்குத் தகரக் கூரை போட்டேன், ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கினேன். "உங்க மரம் மட்டும் எப்படி வாத்தியாரே இப்படிப் பச்சையா நிக்குது?" என்று கேட்பார்கள். வியர்வை என்பேன். பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துவந்து காட்டியிருக்கிறேன். உழைத்தால் என்ன கிடைக்கும் என்று கண்ணால் பார்த்தால்தானே மனசில் பதியும்?

பம்பு கொடுத்த அந்த வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் ஊருக்கும் வந்தார்கள். அவர்கள் பேசியது ரஷ்ய மொழி. அந்தச் சமயம் ஊரில் இருந்தவர்களில் எனக்குத்தான் அது தெரியும். நானே மொழிபெயர்த்தேன். ரைஹோன் சொன்னாள்: "இடுப்பு ஒடியுதுன்னு சொல்லுங்க வாத்தியாரே. பம்பு எப்ப வரும்னு கேளுங்க." எங்கள் பெண்கள் இந்த உழைப்பில் பெருமை கொள்கிறார்கள் என்று நான் சொன்னேன். அந்த வெள்ளைக்காரப் பெண்மணி நெஞ்சில் கை வைத்துக் கண் கலங்கினாள். அதைப் பார்த்து ரைஹோனும் கண் கலங்கினாள். பம்பு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

சேதம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தபால்காரரின் அம்மா பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தார். அதன்பிறகு எழுந்திருக்கவில்லை. இரண்டு பெண்களுக்குக் கரு நிற்கவில்லை. மருத்துவச்சி பாரம் தூக்கியதால் என்றாள். மருத்துவச்சிகள் எதையாவது சொல்வார்கள். பர்வோனா ஆற்றுக்கு இறங்கும்போது விழுந்து இறந்தாள். அது மூன்று வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரியில்.

பர்வோனா என் மாணவி. பதினாலு வயதில் மாவட்டப் பந்தயத்தில் ஓடி, இரண்டாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடம் விட்டு ஜெயித்தாள். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, "இதுல தண்ணி மொண்டு குடிக்கலாமா வாத்தியாரே?" என்று கேட்டாள். அப்படி ஒரு வாய்.

அவள் புருஷன் உமேத் செய்தி கேட்டு ரஷ்யாவிலிருந்து வந்தான். திரும்பிப் போகவில்லை. இனி ஒரு பெண்ணும் அந்தப் பாதையில் விழக் கூடாது, மலையில் எங்காவது தண்ணீர் இருக்கும், தோண்டி எடுப்பேன் என்றான். என்னிடம் வந்து, "எங்க தோண்டறது வாத்தியாரே? உங்களுக்குத்தான் இந்த மலை அத்துப்படி" என்றான்.

கிழக்குச் சரிவைக் காட்டினேன். அங்கே தண்ணீர் கிடையாது.

இரண்டு வருஷம் தோண்டினான். மண்வெட்டிக்கு நான்தான் பிடி போட்டுக் கொடுத்தேன், ஏழு பிடி. அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறையும். ரஷ்யாவில் சம்பாதித்த பணத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, சொந்த ஊரில் கை காய்க்க உழைக்கிற இளைஞன். பள்ளியில் அவனை உதாரணமாகச் சொல்லச் சொன்னேன். கிடைத்ததா கிடைக்கவில்லையா என்பது இரண்டாம் பட்சம்.

போன ஆகஸ்டில் மழை இல்லை. உங்களுக்கே தெரியும், ஆடுகள்கூடச் செத்தன. ஒரு மத்தியானம் உமேத் மண்வெட்டிப் பிடி ஒடிந்துவிட்டது என்று வந்தான். நான் எட்டாவது பிடியைச் செதுக்க ஆரம்பித்தேன். அவன் தோட்டச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். கால்சட்டை நனைந்திருந்தது.

"வாத்தியாரே, உங்க சுவரு வேர்க்குதே."

"உழைக்கிறவன் வீட்டுச் சுவர்" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நனைந்த கால்சட்டையோடு நின்று நன்றாகச் சிரித்தான். அப்புறம் சிரிப்பு மெதுவாக நின்றது. நான் செதுக்கி முடித்திருந்த பிடியை வாங்கி மண்வெட்டியில் மாட்டினான், சுவரடியில் ஒரே வெட்டு. குழாய் தெரிந்தது. இரண்டு வருஷமாகத் தோண்டியவன் அல்லவா, கை பதமாக இருந்தது.

குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே போனான். ஆற்றிலிருந்து வந்துகொண்டிருந்த பெண்கள் தடியும் வாளியுமாகப் பின்னாலேயே போனார்கள். நானும் போனேன். கல்லைப் பெயர்க்க அவர்களுக்கு முழு மத்தியானம் பிடித்தது. என் வேலை அப்படி. தண்ணீர் பாய்ந்து வந்தபோது யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ரைஹோன் குனிந்து இரண்டு கையாலும் மொண்டு குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நல்லா இருக்கு வாத்தியாரே. பதினோரு வருஷம் ஊறவெச்சிருக்கீங்க இல்ல?"

உமேத் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "பர்வோனாவுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

உங்கள் கையில் இருக்கும் புகாரில் தண்ணீர் விஷயம் மட்டும்தான் இருக்கிறது. ஊரார் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான். நான் பேசாமல் இருந்தால், அபராதம் போட்டு அனுப்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. உமேத்திடம் நான் சொன்னது பொய்.

அந்தப் பிப்ரவரியில் பர்வோனா ரொட்டி கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் தந்தூர் அடுப்பில் சுட்டதும் எனக்கு இரண்டு கொண்டுவருவாள். வாசலில் கூப்பிட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. கொட்டகைக்கே வந்துவிட்டாள். நான் குழாயைப் பிடித்து வாளி நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. விரலை நீட்டி நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். எங்கேயிருந்து என்று கேட்டாள். சொன்னேன்.

கவிழ்த்துப்போட்ட வாளி மேல் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர. "எட்டு வருஷமா எங்களைப் பந்தயத்துக்குத் தயார் பண்ணியிருக்கீங்க" என்றாள். கோபம் இல்லை. தண்ணீர் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் அவளுக்கு என் மேல் கோபப்பட நேரமில்லை. சட்டென்று எழுந்தாள். "எல்லாரும் ஆத்தங்கரையிலதான் இருக்காங்க. வாளியை அங்கயே போட்டுட்டு வாங்கடின்னு சொல்றேன். அவங்க மூஞ்சியைப் பாக்கணும்."

"பாதையில் சுற்றிப் போனால் நீ இறங்குவதற்குள் அவர்கள் வாளியைத் தூக்கிவிடுவார்கள். ஆட்டுத் தடத்தில் இறங்கு. அஞ்சே நிமிஷம்" என்றேன்.

பாறை ஓரமாக ஆடுகள் இறங்குகிற தடம் அது. கோடையில் ஆட்களும் இறங்குவதுண்டு. குளிர்காலத்தில் யாரும் போவதில்லை, ஆனால் அன்று பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. காலையில்தான் புதுப் பனி விழுந்திருந்தது. நான் மறுபக்கம் திருப்பிவிட்ட தண்ணீர் சரளைக்குள் ஓடி அந்தத் தடத்தின் நடுவில்தான் கசிந்து வெளியே வருகிறது. கோடையில் யார் கண்ணிலும் படாமல் காய்ந்துவிடும். குளிரில் உறைந்து, புதுப் பனிக்கு அடியில் கண்ணாடிப் பாளமாகக் கிடக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். தண்ணீரின் குணத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தானே.

"சரி வாத்தியாரே" என்றாள். ரொட்டியை வாளி மேல் வைத்துவிட்டு ஓடினாள். ஓட்டத்தில் அவளை யார் பிடிப்பது?

நான் கொட்டகையைப் பூட்டினேன். ரொட்டி சூடாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு, மிச்சமிருந்த விறகைப் பிளந்து அடுக்கினேன். அடுக்கி முடிக்கும்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து பெண்கள் கூக்குரல் கேட்டது. அடக்கத்தின்போது என்னைத்தான் பேசச் சொன்னார்கள். அவள் உழைப்பாளி என்று சொன்னேன். ஊரே அழுதது.

இப்போது எழுதுகிறீர்கள். பிரிவு கிடைத்துவிட்டது போலிருக்கிறது. எழுதுங்கள், ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். நான் அவளைத் தொடக்கூட இல்லை. சுற்றுப்பாதை இருந்தது, நல்ல பாதை, அன்று காலையில்தான் பெண்கள் அதில் வழுக்காமலிருக்கச் சாம்பல் தூவியிருந்தார்கள். அவள் அதில் போயிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பாள். குறுக்குவழி ஆளைக் கொன்றுவிடும் என்று வகுப்புக்கு வகுப்பு நான் கரடியாகக் கத்தியிருக்கிறேன் ஐயா. யார் காதில் வாங்கினார்கள்?