கிழக்குப் பாறைச் செடி

தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் இந்தச் செடியைக் கொல்கிறார்கள், ஐயா. சும்மா விட்டால் பிழைத்துக்கொள்ளும். பொத்தான் அகலம்தான் இருக்கும். தடித்த இலைகள் ரோஜாப்பூப்போல வட்டமாக அடுக்கியிருக்கும். கிழக்குப் பாறையின் வெடிப்புகளைத் தவிர வேறெங்கும் யாரும் அதைப் பார்த்ததில்லை.

கண்டுபிடித்தவள் என் தங்கை. இருவரும் ஒரே தாவர ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தோம். நான் வருடக்கணக்காக நுண்ணோக்கியோடு மாரடித்தவள். அவள் வேலைக்குச் சேர்ந்த கையோடு ஒருநாள் மலையேறப் போய், கால் வலிக்கிறதென்று உட்கார்ந்தாளாம். கைக்குப் பக்கத்திலேயே புது இனம். எனக்குச் சந்தோஷம்தான். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அதைக் காட்டத்தான் என்னைக் கூட்டிப்போனாள். படம் எடுக்கக் குனிந்தவள் சறுக்கி, கீழே இருந்த திட்டில் விழுந்தாள்.

"கால் போச்சுக்கா, அசைக்கவே முடியல. போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வா," என்றாள். "செடியை மிதிச்சுடாத." அந்த நிலையிலும் சிரித்தாள்.

நான் மிதிக்கவில்லை. இறங்கும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். மீட்க ஒரு கூட்டமே வரும். பூட்ஸ், கயிறு, இரும்பு ஆணி. வெடிப்பு முழுக்கத் துவம்சமாகிவிடும். அடிவாரத்தில் வனக்காவலர், "எந்தப் பக்கம்மா?" என்று கேட்டபோது மேற்குப் பாறையைக் கைகாட்டினேன். அவர்களோடு சேர்ந்து நானும் தொண்டை கட்டும்வரை அவள் பெயரைக் கத்தினேன்.

மறுநாள் அவர் கிழக்கேயும் தேடலாமென்றார். "நானே பார்த்துட்டு வரேன்," என்று கிளம்பினேன். பாறைக்கு அடியில் நின்றேன். மேலிருந்து, "அக்காவா?" என்று குரல் வந்தது. நான் பதில் சொல்லவில்லை. திரும்பிவந்து, அங்கே யாருமில்லை என்றேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

அம்மா இன்னும் கதவைத் தாழிடுவதில்லை. "நீயாவது வந்து சேர்ந்தியேம்மா," என்று என் தலையைக் கோதிவிடுகிறாள். அந்தக் கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அவள் கிடக்கும் திட்டைக் காட்டுகிறேன். விழுந்ததில் அவள் சாகவில்லை, நான்தான் சாகவிட்டேன்.

செடியைப் பற்றிய கட்டுரை என் பெயரில் வந்துவிட்டது. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காணாமல்போன தங்கையின் பெயரைப் போட்டிருந்தால், அவள் செடியைப் பார்த்தது எந்தப் பாறை என்று ஊரே மோப்பம் பிடித்திருக்கும். செடியைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.