‘எடுப்பேன்’ என்று எழுதியவள்

தேவாரம் போகும் பஸ் போடி பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏறுவதற்காக நின்றிருந்தது. என் முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள்.

“என் வகுப்புல விதிக்கு அடங்காத பிள்ளை ஒண்ணே ஒண்ணுதானாம்க்கா. மத்ததெல்லாம் தங்கமாம்,” என்றார் இளையவர்.

“யாரு சொன்னா?”

“மதராஸ்ல இருந்து கேள்வித்தாள் வந்துச்சுல்ல? சொல்பேச்சு கேப்பியா, அடுத்தவுக பொருளை எடுப்பியான்னு பிள்ளைககிட்டயே கேக்குறாக. எல்லாம் ‘எடுக்க மாட்டேன்’னு எழுதிருச்சுக.”

“நெசமாவா?”

“ஏலக்காய்க் கடையில கூலிக்குக் காய் பொறுக்குற ஆத்தாமாரோட இருந்துட்டு, நேரா பள்ளிக்கூடம் வர்ற பிள்ளைகக்கா. தாளை வாங்கப் போனா, ஒவ்வொரு வாயிலயும் ஏலக்காய் மணக்குது!”

மூத்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“ஒருத்தி மட்டும் ‘எடுப்பேன், இன்னைக்கும் எடுத்தேன்’னு எழுதிருக்கா. மார்க்குல அவதான் கடைசி.”

“அடி ஆத்தீ! பயமில்லையாமா?”

“கேட்டேனே. ‘உள்ளதை எழுதணும்னு தாள்ல மொத வரியிலயே போட்டிருக்கே டீச்சர், அதை மீறலாமா?’ங்கிறா.”

மூத்தவரின் சிரிப்பு நின்றது. “என்ன பிள்ளைடி அது!” என்றார் மெதுவாக. “நீ என்ன சொன்ன?”

“வாயைத் தெறக்கலையே. காலையில பிள்ளைக குடுத்த ஏலக்காய் என் வாயிலயும் மணந்துக்கிட்டிருந்துச்சுக்கா.”